தம்பானூரின் வட்டக் கட்டிடத்தை இடிக்கச் சொல்வது சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்தை ஒட்டி நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டிடத்தைப் பற்றி அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வெளியாகியிருந்தது. அந்தச் செங்கல் நிற வட்டக் கட்டிடம் நியூயார்க்கில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் நகல் என்றும், தரை சாய்ந்திருப்பதால் முதியவர்களுக்கு உதவாது என்றும், குளிர்சாதன வசதி இல்லாத அதற்குப் பழமையின் பெருமையும் கிடையாது என்றும், அதை அகற்றிவிட்டுப் பல மாடிகள் கொண்ட நவீன ஹோட்டல் ஒன்றை எழுப்பினால் பயணிகளுக்கு நன்மை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. குழித்துறையில் நெடுங்காலம் கட்டிட வரைபடம் போடும் தொழிலில் இருந்தவன் என்ற முறையிலும், அந்த ஹோட்டலில் இன்றும் அடிக்கடி காபி குடிப்பவன் என்ற முறையிலும் இதற்குப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேரளத் தலைநகரில் உள்ள ஒரு காபிக் கடைக்காகக் குமரி மாவட்டத்துக்காரர் ஏன் வரிந்துகட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தமிழகத்தின் பிற பகுதி வாசகர்கள் கேட்கக்கூடும். 1956 நவம்பர் 1 வரை எங்களுக்கும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் தன் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, முதன்முதலாக எடுத்துக்கொண்ட தடம் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலையே. ரயில் பாதையோ 1979இல்தான் எங்கள் பக்கம் வந்தது. எல்லைக்கோடு களியக்காவிளையில் விழுந்த பிறகும் மெடிக்கல் காலேஜ், ஸ்ரீ சித்ரா மருத்துவ நிலையம், புற்றுநோய் மருத்துவமனையான ஆர்.சி.சி. என்று மருத்துவத்துக்காக நாங்கள் அங்கே போவது நிற்கவில்லை. விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி, ஸ்கேன் படங்கள் அடங்கிய பெரிய உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தம்பானூரில் இறங்கும் எங்கள் மாவட்டத்துக்காரருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் கைகால் கழுவவும் ஒரு காபி குடிக்கவும் அந்த வட்டக் கட்டிடம்தான் முதல் இடம். மாவேலி கஃபே என்ற பெயரும் அதற்கு உண்டு என்றாலும் எங்கள் ஊரில் அதை வட்டக் காபி ஹவுஸ் என்று சொன்னால்தான் தெரியும்.

முதலில் பழமையைப் பார்ப்போம். ஒரு ஹோட்டலுக்கு வரலாறு வேண்டுமென்றால் அங்கே மன்னரோ துரையோ தங்கியிருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக்கிடக்கிறது. அந்த அளவுகோல்படி பார்த்தால், முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள் தங்குவதற்கென்று எழுந்த மஸ்கட் ஹோட்டலைத்தான் திருவனந்தபுரத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதன் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் காபி ஹவுஸின் வரலாறு வேறு வகையானது, என் கணிப்பில் அதைவிடச் செறிவானதும்கூட.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் காபியின் விலை சரிந்து தோட்டக்காரர்கள் திண்டாடியபோது, உள்நாட்டிலேயே காபி குடிக்கும் பழக்கத்தைப் பரப்புவதற்காகக் காபி வரிக் குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் காபி ஹவுஸ் ஒன்றைத் திறந்தது. பின்னர் காபி வாரியத்தின் பொறுப்பில் இத்தகைய கடைகள் நாடெங்கும் பரவின. 1950களின் நடுவில் வாரியம் அவற்றை மூடத் தீர்மானித்தபோது தெருவில் நின்றவர்கள் பரிமாறுபவர்களும் சமையற்காரர்களுமே. வேலை போகிறதே என்று மனுக் கொடுத்துக்கொண்டிருக்காமல் கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று அவர்களை ஊக்கியவர், கண்ணூர்ப் பக்கத்தில் பிறந்து மக்களவையில் எதிர்க்கட்சி வரிசையின் முன்னணித் தலைவராக விளங்கிய ஏ.கே. கோபாலன். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் சங்கத்தின் காபி ஹவுஸ் திறக்கப்பட்டது. கேரளத்தில் 1958 மார்ச்சில் திருச்சூரில் முதல் கடை தொடங்கியது. அதன் பின்னால் ஓடியாடி உழைத்த தொழிற்சங்கத் தலைவர் என்.எஸ். பரமேஸ்வரன் பிள்ளை, பின்னாளில் காபி ஹவுஸ் பிள்ளை என்றே அறியப்பட்டார். இன்று கேரளத்தில் திருச்சூர், கண்ணூர் ஆகிய இரு சங்கங்களின் கீழ் ஐம்பதுக்கும் மேற்பட்ட காபி ஹவுஸ்கள் இயங்குகின்றன. இந்தியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை.

விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அகன்ற இடைக்கச்சையும் அணிந்து வெள்ளை உடுப்பில் வரும் பரிமாறுபவரைப் பார்த்துவிட்டு, இது துரைமார் காலத்து அடிமை வேடம் என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்த உடுப்பு காபி வாரியக் காலத்து மிச்சம்தான். ஆனால் அதை இன்று அணிந்திருப்பவர் கடையை நடத்தும் சங்கத்தின் உறுப்பினர், அதாவது அங்கே தனி முதலாளி என்று ஒருவர் கிடையாது. மசால் தோசையிலும் கட்லெட்டிலும் பீட்ரூட் சேர்த்து எல்லாவற்றையும் சிவப்பாக்கிவிடுகிறார்கள் என்பது எங்கள் பக்கத்து விருந்தினர்கள் வழக்கமாக வைக்கும் குறை. அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்றாலும், அதற்காகக் கட்டிடத்தை இடிக்கச் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட கடைக்கு ஏற்ற கட்டிடத்தை வரைந்தவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து அங்கேயே கட்டிடக் கலை பயின்ற அவர், இரண்டாம் உலகப் போரின்போது போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் அணியில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். இங்கிலாந்து திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தம் வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தவர் அவர். 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்கென மீண்டும் இந்தியா வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை 1948இல் மணந்து, இமயமலையடிவாரத்துப் பித்தோராகரில் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்த பின், 1963இல் வாகமண்ணுக்கும் அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார். 1989இல் இந்தியக் குடியுரிமையும் 1990இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2007 ஏப்ரல் 1 அன்று நாலாஞ்சிறையில் தாமே கட்டிக்கொண்ட வீட்டில் காலமானார். திருவனந்தபுரத்தின் உள்ளூர் என்னும் பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் அவருடைய படைப்புகளில் புகழ்பெற்றது. ஆனால் ஆய்வு மையத்துக்குள் சாதாரண மனிதர்கள் காரணமில்லாமல் நுழைய முடியாது. ஒரு காபிக்கான காசு கையில் இருந்தால் உள்ளே போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரக்கூடிய பேக்கர் கட்டிடம் தம்பானூரில் உள்ளதுதான்.

இனி வடிவத்துக்கு வருகிறேன். ஏனென்றால் கடிதம் எழுதிய நண்பர் மிகவும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். அந்தக் கட்டிடம் வேடிக்கைக்காக வட்டமாக்கப்பட்டதன்று. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த இடத்தில் நிலம் மிகக் குறைவு. குறைந்த நிலத்தில், குறைந்த செலவில், நிறையப் பேர் உட்கார்ந்து சாப்பிட வழி செய்வது எப்படி என்பதுதான் வரைபவர் முன் இருந்த கேள்வி. 100 சதுர மீட்டர் பரப்புள்ள சதுரமான அறைக்கு 40 மீட்டர் நீளச் சுவர் வேண்டும். அதே பரப்பை 20 மீட்டருக்கு 5 மீட்டர் என்று நீள்சதுரமாக எடுத்தால் 50 மீட்டர் வேண்டும். வட்டமாக அடைத்தால் ஏறக்குறைய 35.5 மீட்டர் போதும். சுவர் குறைந்தால் செங்கல் குறையும், சாந்து குறையும், கூலி குறையும். போதாததற்கு, வளைந்த சுவர் நேர்ச் சுவரைவிடத் தானாகவே உறுதியாக நிற்கும் என்பதை ஊர்க் கிணற்றுக்கு உறை இறக்கியவர்கள் எல்லோரும் அறிவார்கள்.

வட்டத்தைத் தேர்ந்தெடுத்த பின் அவர் செய்ததுதான் உண்மையான சாமர்த்தியம். ஒரு மாடி, அதற்கு மேல் இன்னொரு மாடி என்று அடுக்கி, இடையில் படிக்கட்டு வைப்பதே எவரும் செய்யக்கூடியது. படிக்கட்டுக்கும் அதன் திருப்பங்களுக்கும் போகும் இடத்தில் ஒரு மேசைகூடப் போட முடியாது. சிறிய கட்டிடத்தில் அது பெரிய நஷ்டம். பேக்கர் மாடிகளையே வைக்கவில்லை. வாசலில் நுழைந்ததும் தொடங்கும் தரை, சங்கின் உட்புறம்போலச் சுற்றிச் சுற்றி மேலேறிக்கொண்டே போகிறது. ஏறிச்செல்லும் பாதைதான் சாப்பாட்டுக் கூடம். வெளிச்சுவரை ஒட்டி வரிசையாக மேசைகளும் இருக்கைகளும், உள்பக்கத்தில் நடைவழி. கழிவறை முதலிய தேவைகள் யாவும் நடுவில் உள்ள உருளையான பகுதிக்குள் அடங்கிவிடுகின்றன. கீழே சமையலறையில் வாங்கிய தட்டுகளை ஏந்திக்கொண்டு மேலே வரும் பரிமாறுபவர் ஒரு படிகூட ஏறுவதில்லை. கடைசிச் சுற்றில் உட்கார்ந்திருப்பவருக்கும் காபி தளும்பாமல் வந்து சேர்வதற்கு அதுவே காரணம்.

சாய்ந்த தரையில் நாற்காலி போட்டால் அது ஆடும், மேசை போட்டால் தட்டு நழுவும் என்று எதிர்க்கடிதக்காரர் எழுதியிருக்கிறார். அவர் உள்ளே போய் உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். அங்கே நகர்த்தக்கூடிய நாற்காலியே இல்லை. மேசையும் அதன் இருபுறத்து இருக்கைகளும் தரையோடும் சுவரோடும் சேர்த்தே கட்டப்பட்டவை. தரை சாய்ந்திருக்க, மேசைப் பலகை மட்டும் மட்டமாக நிற்கிறது. ஒவ்வொரு மேசையும் முந்திய மேசையைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால், உட்கார்ந்தபடியே வளைவைத் தொடர்ந்து பார்த்தால் அடுத்தடுத்த மேசைகள் ஏறுவரிசையில் தெரியும். வளைந்த சுவருக்கு நேரான பலகைச் சாமான்கள் பொருந்தாமல் மூலைக்கு மூலை இடம் வீணாவது வட்டக் கட்டிடங்களின் பொதுவான கேடு. சாமானையும் கட்டிடத்தின் ஒரு பகுதியாக்கிவிட்டதால் அந்தக் கேடு இங்கே இல்லாமல் போயிற்று. உடைவதற்கும் மாற்றுவதற்கும் ஒன்றுமில்லாததால் செலவும் மிச்சம். நாள் முழுவதும் ஆயிரக்கணக்கில் ஆள்கள் வந்து போகும் கடைக்கு இது சிறிய விஷயமன்று.

வெளிச்சுவரில் ஜன்னல் கிடையாது. செங்கல் வரிசைகளுக்கிடையே விட்ட சிறுசிறு துளைகள், தரையின் ஏற்றத்தைப் பின்பற்றிச் சாய்வாக ஏறிச் செல்கின்றன. நிலை, கதவு, கண்ணாடி, கம்பி, மேலே தாங்கு உத்தரம் ஆகிய எதுவும் இல்லாமல், செங்கல்லைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தே காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டிருக்கிறார். நண்பகலில் சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் இருட்டாகத்தான் இருக்கும். சற்று நேரத்தில் கண் பழகிய பின், துளைகள் வழியே வரும் வெயில் கட்டம் கட்டமாக மேசைமீதும் எதிரே இருப்பவரின் சட்டைமீதும் விழுவது தெரியும். வெளியே நடத்துநர்கள் நெய்யாற்றின்கரை, பாறசாலை என்று கூவுவதும் வண்டிகளின் இரைச்சலும் அந்தத் தடித்த சுவரில் தேய்ந்துபோய்த்தான் உள்ளே வருகின்றன. வெப்பக் காற்று சுழல்பாதை வழியாக மேல் நோக்கி ஏறுவதும், கீழ்த் துளைகள் வழியாகப் புதுக்காற்று நுழைவதும் தாமாகவே நடக்கின்றன. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையின் சாரல்கூட அந்தச் சிறு துளைகளைத் தாண்டி மேசைவரை எளிதில் வருவதில்லை.

இந்த உத்தியை எங்கிருந்தோ வந்த வெள்ளைக்காரர் நமக்குக் கற்றுக்கொடுத்தார் என்று எண்ணிவிடக் கூடாது. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் ஆலோசனை மண்டபமான மந்திரசாலைக்குள் மே மாதத்தில் போய் நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். சாய்வான மரச்சட்டங்களை நெருக்கமாகப் பொருத்திய அந்தச் சுவர், வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே அனுப்புகிறது. அங்கே மரம் செய்த வேலையைத் தம்பானூரில் செங்கல் செய்கிறது. பேக்கர் கேரளத்தின் பழைய வீடுகளைக் கூர்ந்து கவனித்தவர், உள்ளூர்க் கொத்தனார்களோடு வேலையிடத்திலேயே நின்று வரைபடத்தைத் திருத்திக்கொண்டவர். அதே அரண்மனையில் ஊட்டுப்புரை என்றொரு நீண்ட இரண்டடுக்கு மண்டபம் இருக்கிறது, ஒரே நேரத்தில் 2,000 பேர் உண்ணலாம் என்பார்கள். ஆனால் அந்தப் பந்தியில் பிராமணர்கள் மட்டுமே உட்காரலாம். 1936 நவம்பரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வரும்வரை பெரும்பாலான மக்கள் கோவிலுக்குள்ளேயே போக முடியாத நாடு அது. பின்னாளில், தலைநகரின் மையத்தில், தொழிலாளர்கள் நடத்தும் கடையில், முதல் வகுப்பு மேசை என்றும் கடைசிப் பந்தி என்றும் பிரிக்க முடியாதபடி ஒரே தொடர்ச்சியான தரையில் எல்லோரும் உட்கார நேர்ந்தது. அந்தச் சுழல்தரையை இதற்காகவே வரைந்தார் என்று சொல்ல என்னிடம் சான்று இல்லை. அமைந்துவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

நியூயார்க் நகல் என்ற குற்றச்சாட்டையும் விடுவதற்கில்லை. 1959இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்தில், ஃபிராங்க் லாயிட் ரைட் சுழல்பாதை அமைத்திருக்கிறார் என்பது உண்மை. அங்கே நடுப்பகுதி முழுவதும் மேல்வரை திறந்த வெளி, கூரையில் கண்ணாடி, வெளிச்சம் மேலிருந்து கொட்டுகிறது. வெளிச்சுவரை ஓவியங்களுக்கு விட்டுவிட்டு மனிதர்கள் நடுவெளியை நோக்கி நடக்கிறார்கள். தம்பானூரில் எல்லாம் தலைகீழ். நடுப்பகுதி மூடியது, வெளிச்சம் பக்கச்சுவரின் துளைகள் வழியே வருகிறது, மனிதர்கள் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று சுற்றி நடப்பதற்கான கட்டிடம், மற்றொன்று உட்கார்ந்து உண்பதற்கான கட்டிடம். இரண்டும் சுழல்கின்றன என்பதற்காக ஒன்றை மற்றதன் நகல் என்றால், உலகில் உள்ள கலங்கரை விளக்கங்கள் எல்லாம் ஒன்றின் நகலே.

குறைகளே இல்லை என்று வாதாடுவது என் நோக்கமன்று. சக்கர நாற்காலியில் வருபவரால் கீழ்ப்பகுதியைத் தாண்டுவது கடினம். முழங்கால் வலிக்காரருக்கும் ஏற்றம் சிரமந்தான், அவர்கள் வாசலை ஒட்டிய மேசைகளையே நாட வேண்டியிருக்கிறது. நான்கு பேருக்கு மேல் கூட்டமாகப் போனால் பிரிந்துதான் உட்கார வேண்டும். எல்லா நடமாட்டமும் ஒரே பாதையில் என்பதால், நெரிசல் நேரத்தில் இறங்குபவரும் ஏறுபவரும் பரிமாறுபவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்க நேர்கிறது. கீழ்ச்சுற்றில் சில மேசைகளை முதியோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று ஒதுக்கிவைப்பது, உள்சுவரில் கைப்பிடிக் குழாய் பொருத்துவது போன்ற சிறு திருத்தங்களாலேயே இவற்றில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். இவற்றுக்குக் கடப்பாரை வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. பாரம்பரியக் கட்டிடம் என்றாலே நூறாண்டு கடந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்திலும் இருக்கிறது, நம் மனத்திலும் இருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் பற்றிய மத்தியச் சட்டம் குறைந்தது 100 ஆண்டுப் பழமையைக் கேட்கிறது. சுதந்திரத்துக்குப் பின் எழுந்த நல்ல கட்டிடங்கள் எல்லாம் அந்த வயதை எட்டுமுன் யாருடைய பாதுகாப்பும் இல்லாமல் நிற்கின்றன. டெல்லி பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவாலும் பொறியாளர் மகேந்திர ராஜும் 1972இல் கான்கிரீட்டில் எழுப்பிய ஹால் ஆஃப் நேஷன்ஸ் மண்டபம் உலகம் முழுவதும் கட்டிடக் கலை மாணவர்கள் பாடமாகப் படித்த ஒன்று. அறுபது ஆண்டு ஆகாததைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க முடியாது என்று கூறப்பட்டது. 2017 ஏப்ரலில் ஓர் இரவில் அது இடித்துத் தள்ளப்பட்டது. தம்பானூரில் அப்படி ஒன்று நடந்துவிடக் கூடாது. மத்தியச் சட்டத்தின் நூறாண்டுக்காகக் காத்திராமல், கேரள அரசும் திருவனந்தபுரம் மாநகராட்சியும் இந்தக் கட்டிடத்தைத் தம் பாதுகாப்புப் பட்டியலில் கொண்டுவரலாம்.

இடிப்பவர்களைவிட, நல்லெண்ணத்தோடு மேம்படுத்த வருபவர்களிடமும் எச்சரிக்கை தேவை. குளிர்சாதன வசதி வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறினால் முதல் நாளே செங்கல் துளைகள் எல்லாவற்றையும் கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ அடைக்க வேண்டியிருக்கும். அடைத்துவிட்டால் காற்றோட்டம் நின்றுபோகும். மின்சாரம் தடைப்படும் நேரத்தில் உள்ளே ஒருவரும் உட்கார முடியாது, மின்கட்டணமோ காபியின் விலையில் வந்து நிற்கும். விலை ஏறினால், ஆஸ்பத்திரிச் செலவுக்கு எண்ணி எடுத்து வந்த காசில் காபி குடிக்கும் எங்கள் பக்கத்து ஆள்கள் வேறு இடம் தேட வேண்டியதுதான். மலிவான காபியும் குளிர்சாதனம் தேவைப்படாத சுவரும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள் என்பதைப் பழுதுபார்க்க வருபவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். விளம்பரப் பலகைகளைச் சுவரின்மீது அறையாதிருப்பதும், உதிர்ந்த செங்கல்லுக்கு அதே அளவுச் செங்கல்லையே வைப்பதும் போதிய பராமரிப்பு. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துச் சூளைகள் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன, செங்கல்லுக்குப் பஞ்சமில்லை.

இதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. கட்டிடக் கலைக் கல்லூரிகளின் மாணவர்கள், அங்குலம் அங்குலமாக அளந்து முழு வரைபடம் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். ஏற்றத்தின் சரிவு எவ்வளவு, மேசைக்கு மேசை உயர வேறுபாடு எவ்வளவு, துளைகளின் அளவு என்ன, நண்பகலில் உள்ளேயும் வெளியேயும் வெப்பம் எத்தனை பாகை வேறுபடுகிறது என்பவை அளக்கக்கூடியவை. அந்த வரைபடம் கையில் கிடைத்தால் மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் இப்போது எழுந்துகொண்டிருக்கும் ஹோட்டல்களுக்கும் பயன்படும். மேற்கு வெயிலுக்கு நேராகக் கண்ணாடிச் சுவரை நிறுத்திவிட்டு, உள்ளே திரைச்சீலை தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் பகலிலேயே விளக்கையும் குளிர்சாதனத்தையும் ஓடவிடும் கட்டிடங்கள் அவை. அத்தகைய ஒன்றிரண்டுக்கு உரிமையாளரின் வற்புறுத்தலால் நானே வரைபடம் போட்டிருக்கிறேன் என்பதால் அவற்றின் மின்கட்டணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக, பல மாடிக் கட்டிடம் பற்றி ஒரு வார்த்தை. எதிர்க்கடிதம் எழுதிய நண்பர் நினைப்பதுபோல அந்தத் துண்டு நிலத்தில் எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பிவிட முடியாது. இன்றைய கட்டிட விதிகளின்படி சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, நாற்புறமும் விட வேண்டிய இடைவெளி, வாகன நிறுத்தம், தீயணைப்புக்கான மாற்றுப் படிக்கட்டு, மின்தூக்கிக்கான குழி என்று ஒவ்வொன்றையும் கழித்துக்கொண்டே வர வேண்டும். அவ்வளவும் போக எஞ்சும் தரையில் எத்தனை மேசைகள் பிடிக்கும் என்பதை, அளவுகோலையும் பென்சிலையும் எடுத்து அவரே ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த எண்ணிக்கையைத் தங்கள் பத்திரிகைக்கே எழுதி அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டிட வரைவாளர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.